தாழனேந்தலில் பறவைகள் இல்லை

சார், ஒரு நிமிஷம். கண்ணாடியைத் தள்ளிவிட்டு எடுங்கள். இந்தக் கண்ணாடி வழியாக எடுத்தால் வெளியே இருக்கிற பனைமரத்துக்கு நடுவில் உங்கள் சட்டைப் பொத்தான்தான் தெரியும். நகரவில்லையா? மேல் மூலையில் ஒரு குத்து விடுங்கள். அதுதான். இப்போது போனைக் கம்பியில் சாய்க்காதீர்கள், பஸ் ஆடுகிற ஆட்டம் முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடியுங்கள். அமுக்குங்கள்.

பார்த்தீர்களா, எவ்வளவு வித்தியாசம். இதைச் சொல்லித்தர மதுரையில் ஒருநாள் வகுப்பு நடத்துகிறார்கள். நான் சும்மா சொல்கிறேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம்.

குமரகுரு என் பெயர். ‘வெளிச்சம் தேடி’ என்று ஒரு பக்கம் நடத்துகிறேன், பார்த்திருப்பீர்கள். இல்லையா? அறுபத்திரண்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். படத்தைப் பார்த்திருப்பீர்கள், பெயரைக் கவனித்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான். அதனால்தான் இப்போதெல்லாம் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே படத்தின் மேல் போடுகிறேன். பறவையின் வயிற்றுக்குக் குறுக்காகப் போட்டால் யாரும் வெட்டி எடுக்க முடியாது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பையை உங்கள் கால் பக்கம் கொஞ்சம் வைக்கட்டுமா? உள்ளே ஐந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ். பச்சைக் குழந்தை மாதிரி. கீழே வைத்தால் அதிரும். உங்கள் மடியில் என்றால் இன்னும் நல்லது. நன்றி சார்.

பத்தொன்பது வருஷம் டொராண்டோவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் எழுதினேன். நாற்பத்தைந்து வயதில் திரும்பி வந்தேன். ஏன் வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன், எனக்கே சரியாகத் தெரியவில்லை. கேமரா வாங்கினேன். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. கழுத்தில் இதைப் பார்த்ததும், ஓ, இதற்காகத்தான் வந்திருக்கிறான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே முடிவு செய்துகொண்டேன்.

மூன்று வருஷத்தில் நாற்பதாயிரம் படம் எடுத்திருக்கிறேன். என் மனைவி சியாமளா ஒருநாள் கேட்டாள், “இந்த வருஷம் எதையாவது வெறும் கண்ணால பாத்தீங்களா?” என்று. அவளுக்கு இந்த லென்ஸ் பற்றித் தெரியாது. வெறும் கண்ணுக்கு நாரையின் கண்ணிமை தெரியுமா சார்? இதில் தெரியும். அந்தக் கண்ணில் நம் பிம்பம்கூடத் தெரியும். நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

நான் ஏறிய ஊரைக் கவனித்தீர்களே, அதுதான் தாழனேந்தல். பத்துப் பதினைந்து பேர் ஸ்டாப்பில் நின்று கையசைத்து வழியனுப்பினார்கள், பார்த்தீர்கள் இல்லையா? அந்த ஊர் என்னோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தது என்றால் நம்புவீர்களா? முழுசாக ஒரு வருஷம். நான் செய்தது என்ன? ஒரு படம் போட்டேன்.

சொல்கிறேன். மதுரை வரைக்கும்தானே போகிறீர்கள்? நேரம் இருக்கிறது.

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம் முதன்முதலாகப் போனேன். அங்கே கண்மாய்க்குள் நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கும். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பியதும் நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் என்று ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். பங்குனியில் குஞ்சுகளோடு கிளம்பிவிடும். இது எந்தப் பட்டியலிலும் இல்லாத இடம். போர்டு இல்லை, டிக்கெட் இல்லை, வாட்ச்மேன் இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கை நடுங்கினால் ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிடுங்கள் சார், ஆயிரத்துக்குக் கீழே குறைக்கவே குறைக்காதீர்கள்.

கரைக்குக் கீழே ஓர் ஓலை வீடு. இருளாயி என்று ஓர் அம்மா, என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கூட்டிலிருந்து தவறி விழுகிற குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்து, மறுபடி பறக்க விடுவதே அவர் வேலை. யார் கொடுத்த வேலை என்று கேட்டேன். “யாரு குடுக்கணும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கு ஓலைவெடிகூட வெடிக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு மைக்செட் கிடையாது. கோயில் திருவிழாவில் மேளம் கண்மாய்க்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். ஊரில் ஒரு பெரியவர் இறந்தபோது பரமக்குடி மருமகன் வேட்டுப் போடுகிறவரைக் கூட்டிவந்தாராம். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டு தலைமுறையாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு மட்டும்தான். கனடாவில் இதைச் சட்டம் போட்டுத்தான் செய்ய முடியும்.

இருளாயி அம்மா என்னைக் கரை மேல் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். அருமையான இடம். கிழக்கு வெளிச்சம் முகத்தில் விழாமல் பறவை மேல் விழும். உட்காரும் முன்னால் சொன்னார்:

“ரெண்டே ரெண்டுதான் சார். சத்தம் ஆகாது. வெளிய யாருகிட்டயும் ஊர் பேரைச் சொல்லக் கூடாது.”

“ஏம்மா, நாலு பேர் வந்து பாத்தா உங்க ஊருக்குப் பெருமைதானே?”

“அதுக எல்லாம் பிரசவத்துக்கு வந்திருக்குக சார். பிள்ளைத்தாச்சி இருக்க வீட்டுக்கு நாலு பேரு வந்து பாத்தா என்ன பெருமை?”

நான் தலையசைத்தேன். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். இன்றுவரை அந்த ஊர்ப் பெயரை வாய் திறந்து நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வது வேறு, காரணத்தோடு சொல்கிறேன், வருகிறேன் அதற்கு.

முதல் வாரம் போட்ட படங்களுக்கு நாற்பத்து மூன்று லைக். அதில் பதினொன்று சொந்தக்காரர்கள். வருத்தமாக இருந்தது. அப்போதுதான் எடிட்டிங்கில் இறங்கினேன். படம் எடுப்பது பாதி வேலைதான் சார். அன்றைக்கு வானம் வெறும் சாம்பல். என்னிடம் டொராண்டோவில் இருந்தபோது ஒண்டாரியோ ஏரிக்கரையில் போனில் எடுத்த ஒரு சாயங்கால வானம் இருந்தது, சிவப்பும் ஊதாவுமாக. அதை எடுத்துப் பின்னால் வைத்தேன். நாரையின் அலகுக்குக் கொஞ்சம் மஞ்சள் ஏற்றினேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது, நீலமாக்கினேன். படம் பேச ஆரம்பித்துவிட்டது. ஒரே ஓர் ஆள் மட்டும் வந்து, சூரியன் ஒரு பக்கம் இருக்கிறது, நிழலும் அதே பக்கம் விழுகிறதே என்று கேட்டார். அவரை பிளாக் செய்தேன். ஆரம்பத்திலேயே இந்த மாதிரி ஆட்களை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மனம் சோர்ந்துவிடும்.

எங்கள் கேமரா குழுவில் ஜெயசீலன் என்று ஒரு பல் டாக்டர். அவர்தான் சொன்னார், “குரு, படத்துல இடம் போடாம ஏன் சார் போடுறீங்க? பாக்கிறவன் போகணும்னு நினைப்பான், எங்க போறதுன்னு தெரியாது, அடுத்த படத்துக்குப் போயிடுவான்.” யோசித்தேன். நியாயமாகத்தான் பட்டது. ஊர்ப் பெயரைப் படத்துக்குக் கீழே சேர்த்தேன். வரைபடத்தில் இடத்தையும் குறித்தேன். வாய் திறந்து சொல்லவில்லை சார். எழுதினேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரிக்குள் இரண்டாயிரம் லைக். ஒன்பது மணிக்குப் போட்டேன். சீரியலில் விளம்பரம் வரும்போது ஊரே போனை எடுக்கும், அந்த நேரம் பார்த்துப் போட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுக் கார். நானே எண்ணினேன். ட்ரோன் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஒரு ஜோடி, கலர்ப் புகை விடுகிற குழலோடு வந்தது. இருளாயி அம்மா பாவம், கரை மேல் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறிய பிறகும் நின்றார். நான் அதை ஒரு படமாக எடுத்தேன். ‘மௌனத்தின் காவலாளி’ என்று தலைப்பு. கறுப்பு வெள்ளையில் போட்டேன். முகத்துச் சுருக்கங்களைக் கொஞ்சம் கூட்டினேன். மிக நன்றாகப் போனது.

அவருக்கு அதைப் போனில் காட்டினேன். பார்த்துவிட்டு, “இதுல எனக்கு வயசாயிப் போச்சே சார்” என்றார். பிறகு, “பேரைச் சொல்ல மாட்டேன்னீகளே” என்றார். நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் ஒரு போட்டி அறிவித்தார்கள். மாநில அளவில். தலைப்பு, ‘சிறகு’. என்னிடம் ஆறாயிரம் படம் இருந்தது. எல்லாம் உட்கார்ந்திருக்கிற பறவை. முட்டை மேல் உட்கார்ந்திருக்கும், குஞ்சு மேல் உட்கார்ந்திருக்கும். ஒன்றிரண்டு பறக்கும். போட்டிக்கு ஒன்றிரண்டு போதுமா? ஒரே சட்டகத்தில் வானம் நிறைய வேண்டும்.

கைதட்டிப் பார்த்தோம். நாலு எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப உட்கார்ந்துவிட்டது.

டாக்டர் சொன்னார், “குரு, மொத்தமா எழும்பணும்னா ஒரே ஒரு வெடி போதும்.”

“வேண்டாம் டாக்டர். இந்த ஊர்ல வெடிக்க மாட்டாங்க.”

“இந்த ஊர்க்காரங்கதானே வெடிக்க மாட்டாங்க. நாம மதுரை.”

அதை எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் சார், ஏனென்றால் இதில்தான் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கொளுத்தியது நான் இல்லை. கொளுத்தியது டாக்டர். வெடி மட்டும்தான் என்னுடையது. தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய அணுகுண்டு, ஒன்றே ஒன்று, பையின் ஓரத்தில் கிடந்தது. தீப்பெட்டியும் என்னுடையதுதான், ஏனென்றால் டாக்டருக்கு சிகரெட் பழக்கம் கிடையாது. எனக்கும் கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் எடுத்து வைத்திருந்தேன். பயணத்தில் நாலு பொருள் கூடவே இருக்க வேண்டும் சார்.

காலை ஆறே முக்கால். சூரியன் கரைக்கு மேல் ஒரு சாண். நான் ட்ரைபாடில் தயாராக இருந்தேன். ஷட்டர் இரண்டாயிரம், நொடிக்குப் பதினாலு படம்.

வெடித்தது.

அதை எப்படிச் சொல்வது? அந்த ஊர் காதுக்கே அந்தச் சத்தம் புதிது. கண்மாய் மொத்தமும் வெள்ளையாக எழும்பியது. வெளிச்சம் மறைந்துவிட்டது, அதனால் ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். ஒன்று அமைந்தது. ஒன்று போதும்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். மேலே மூன்றில் இரண்டு பங்கு சிறகு. சொர்க்கம் மாதிரி. கீழே ஒரு பங்கில்தான் சிக்கல். பெரிய பறவை பதறி எழும்பும்போது கூட்டைக் காலால் உதைத்துவிடுகிறது, தெரியுமா? அதனால் மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் முட்டைகள், குஞ்சுகள், அந்தரத்தில். இரண்டாயிரத்தில் எடுத்ததால் எல்லாம் துல்லியமாக நின்றுவிட்டது. ஒரு குஞ்சு வாயைத் திறந்திருப்பதுகூடத் தெரிகிறது. பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகிறது. சிறகைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது. ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் கீழ்ப் பங்கை வெட்டினேன். வெட்டிய பிறகுதான் படம் எழுந்து நின்றது. படத்தில் எதை வைக்கிறோம் என்பதைவிட எதை வெட்டுகிறோம் என்பதுதான் முக்கியம் சார். யாரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஏதோ பட்டாம்பூச்சிக்கு. பதினோராயிரம் பேர் பகிர்ந்தார்கள்.

பத்து நாள் கழித்து நன்றி சொல்லத்தான் தாழனேந்தல் போனேன். கண்மாய் காலி. தண்ணீர் இருக்கிறது, மரம் இருக்கிறது, மரத்தில் கூடு இருக்கிறது, ஒரு பறவை இல்லை. பஸ் ஸ்டாப்பில் சேவுகன் என்பவருடைய டீக்கடை. டீ கேட்டேன். “டீ இல்லை” என்றார். பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கிறது, நாலு பேர் கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறார்கள். டீ இல்லையாம். ஒருவரும் சத்தம் போடவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் டாக்டர்தான் கொளுத்தினார் என்று விளக்கியிருப்பேன். யாரும் கேட்கவே இல்லை.

இருளாயி அம்மா வீட்டுக்குப் போனேன். சுளகில் துணி விரித்துக் குஞ்சுகள். மீனைக் கிள்ளி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“முப்பத்தொண்ணு பெறக்கினேன் சார். ஒம்பது பொழைச்சிருக்கு.”

நூற்றுக்கு இருபத்தொன்பது பிழைத்திருக்கிறது, காட்டில்கூட இந்த விகிதம்தான் என்று ஆறுதல் சொன்னேன். இன்சூரன்ஸில் இருந்ததால் எனக்கு இந்தக் கணக்கெல்லாம் சட்டென்று வரும்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

“அந்தப் படத்துல எங்க ஊர் பேரை மட்டும் எடுத்துருங்க சார்.”

“அது முடியாதும்மா. பதினோராயிரம் பேர்கிட்ட போயிருச்சு. இப்ப எடுத்தா படத்தோட வீச்சு குறைஞ்சிடும்.”

“எழுதுனவருக்கு அழிக்கத் தெரியாதாக்கும்.”

அவருக்கு எப்படி விளக்குவது? மனது கேட்காமல், அந்தப் படத்தையே பெரிதாக அச்சடித்து, தேக்குச் சட்டம் போட்டு, கொரியரில் அனுப்பினேன். அதை டீக்கடைப் பக்கத்துக் கோழிக் கூண்டுக்குக் கதவாகக் கொடுத்திருக்கிறார். இன்றைக்குப் பார்த்தேன். ஒரு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்து, சாயம் கொஞ்சமும் மங்கவில்லை. படம் அச்சடித்தால் நல்ல காகிதத்தில் அச்சடிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

இன்றைக்கு ஏன் போனேன் என்கிறீர்களா? ஒரு வருஷம் ஆகிவிட்டது, மழை நன்றாகப் பெய்திருக்கிறது, பொங்கலுக்கு நாலு நாள் இருக்கிறது, ஒருவேளை திரும்பியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது சார். இந்த வருஷப் போட்டியும் அறிவித்திருக்கிறார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு தகரப் போர்டு. பெயின்ட் இன்னும் பிசுபிசுப்பு விடவில்லை. ‘தாழனேந்தலில் பறவைகள் இல்லை. இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்.’ எனக்குச் சுருக்கென்றது. இல்லாததற்கு ஒரு போர்டு வைக்கிறார்கள் என்றால் எவ்வளவு வேதனை இருக்க வேண்டும்.

ஆனால் சேவுகன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “வாங்க போட்டோ சார், உக்காருங்க, டீ போடுறேன்.” அதே சேவுகன். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். கண்மாய்க்கு முதுகு காட்டி உட்கார வைத்தார், வெயில் கண்ணில் அடிக்குமாம். ஐந்து நிமிஷத்தில் இருளாயி அம்மா வேகுவேகு என்று வந்துவிட்டார். பின்னாலேயே ஊர்.

“கண்மாய் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வர்றேம்மா.”

“எதுக்கு சார்? வழி பூரா முள்ளு வெட்டிப் போட்டிருக்கு. பாம்பு கெடக்கு. போனா பாக்க என்ன இருக்கு? வெறுந்தண்ணி.”

“ஒண்ணுகூட வரலையா?”

“ஒண்ணுகூட வரலை.”

குரல் தழுதழுத்தது. தலையில் போட்டிருந்த துண்டில் வெள்ளை வெள்ளையாகத் தெறித்திருந்தது. பார்த்தேன் என்று தெரிந்ததும் எடுத்து உதறினார். “சுண்ணாம்பு சார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம்.” அவருடையது ஓலை வீடு. எங்கே அடித்தார் என்று கேட்கவில்லை. சோகத்தில் இருக்கிறவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது.

கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. நூறு பேர் ஒரே நேரத்தில் கட்டையோடு கட்டை தட்டுகிற மாதிரி. என்ன அது என்று கேட்டேன்.

“தச்சு வேலை” என்றார் சேவுகன். “கோயிலுக்குக் கதவு செய்யுறாக.”

“இத்தனை பேரா?”

“பெரிய கதவு சார்.”

பறவைகள் போனாலும் ஊர் முன்னேறுகிறது என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் பழைய வழக்கத்தை மட்டும் விடவில்லை பாருங்கள். இந்தத் தீபாவளிக்கும் வெடிக்கவில்லையாம். வராத பறவைக்கு எதற்கு இந்தக் கட்டுப்பாடு? “பழகிப் போச்சு சார்” என்றார்கள். படிக்காதவர்கள், என்ன செய்வது.

அப்புறம்தான் இருளாயி அம்மா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். என் பக்கத்தில், சார். ஒரு வருஷம் முகத்தைப் பார்க்காதவர்.

“சார், உங்க இதுல எம்புட்டுப் பேரு பாப்பாக?”

“அறுபத்திரண்டாயிரம் பேரும்மா.”

“அம்புட்டுப் பேருக்கும் ஒரு சேதி சொல்லுவீகளா? பறவை இல்லைன்னு. பாவம், இன்னமும் கார் போட்டு வாராக. போர்டைப் பாத்துத் திரும்புறாக. வீண் அலைச்சல்.”

பார்த்தீர்களா, அவர்களுடைய கஷ்டத்திலும் மற்றவர்களுடைய பெட்ரோலைப் பற்றி யோசிக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். கடையே அமைதியானது. எத்தனையோ விழாவில் பேசியிருக்கிறேன், இப்படி ஒரு கூட்டம் கேட்டதில்லை.

“‘தாழனேந்தல் கண்மாய்க்கு இந்த ஆண்டு பறவைகள் வரவில்லை. கனத்த இதயத்துடன்...’”

“‘இந்த ஆண்டு’ங்கிறதை எடுத்துருங்க சார்” என்றார் சேவுகன்.

“ஏன்?”

“அடுத்த வருசமும் வராது.”

“அதுக்கு அடுத்த வருசமும்” என்றார் இருளாயி அம்மா.

“அது எப்படிம்மா இப்பவே தெரியும்?”

“எங்க வீட்டுப் பிள்ளைக சார். எங்களுக்குத் தெரியாதா?”

‘இனி ஒருபோதும் வராது’ என்று மாற்றினேன். உண்மையில் அதுதான் வலுவான வாக்கியம். படத்துக்குக் கீழே எழுதும்போது சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது சார். பழைய படத்தை எடுத்து, நிறத்தையெல்லாம் உறிஞ்சி, சாம்பலாக்கி, அதன் மேல் இந்த வரியைப் போட்டேன். போட்டாச்சா, போட்டாச்சா என்று மூன்று தடவை கேட்டார் இருளாயி அம்மா. போட்டாச்சு என்றதும் ஒரு பெருமூச்சு விட்டார். சேவுகன் டீக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. வடையும் கொடுத்தார்.

மன்னித்துவிட்டார்கள் சார். அதுதான் விஷயம். பத்தொன்பது வருஷம் வெளியே இருந்துவிட்டு வந்தவனை இந்த மண்ணில் யார் தேடுகிறார்கள்? சொந்தத் தம்பி மாசத்துக்கு ஒரு போன். ஒரு ஊரே வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து, நான் எழுதியதைக் கேட்டுத் திருத்தி, பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்து, என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றிவிடுகிறார்கள். எதற்காகத் திரும்பி வந்தேன் என்று கேட்டால் இனிமேல் இதைத்தான் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதோ பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் மூவாயிரத்து நானூறு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். ‘மனிதன் அழித்தான்’ என்று ஒருவர். ‘கண்ணீர்’ என்று ஒருவர். சென்னைக் குழு ஒன்று ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வர இருந்ததாம், ரத்து செய்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். நீங்களும் அந்தப் பக்கம் போக நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் பெயரைச் சொன்னேன்.

கிளம்பும் முன்னால் ஒரே ஒரு படம் எடுத்தேன். ஊரோடு. அதற்கும் முதலில் சம்மதிக்கவில்லை. எடுத்தால் டீக்கடைச் சுவர் பின்னால் இருக்கிற மாதிரி எடுங்கள் என்றார்கள். சுவரில் என்ன இருக்கிறது, சிமெண்டு விளம்பரம். வெயில் முகத்தில் பட வேண்டும் அம்மா, அதுதான் முதல் பாடம் என்று எல்லோரையும் திருப்பி நிறுத்தினேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சரி, சட்டுனு எடுங்க சார்” என்றார் இருளாயி அம்மா.

போனுக்கு மாற்றி வைத்திருக்கிறேன், பாருங்கள். இது சேவுகன். இது இருளாயி அம்மா. எப்படிச் சிரிக்கிறார் பாருங்கள், போன வருஷம் எடுத்த ஒரு படத்திலும் இந்தச் சிரிப்பு இல்லை. பின்னால் அந்த வரிசை மரம்தான் கண்மாய்.

எது? மரத்துக்கு மேலேயா?

அதுவா. புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறத்தில் தெரிகிறதே, அது சென்சாரில் தூசி சார். லென்ஸைக் கழற்றி மாட்டும்போது உள்ளே போய்விடும். ஆகாயம் இருக்கிற படத்தில்தான் வெளியே தெரியும். இந்தக் காட்டுப்பக்கம் காற்றில் தூசி ஜாஸ்தி. இவ்வளவு ஏறியிருக்கிறது பாருங்கள், இருநூறு முந்நூறு இருக்கும்போல.

பறவையா? என்ன சார் நீங்கள். மூன்று வருஷமாக வேறு வேலையே இல்லாமல் பறவை எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஊரே சொல்கிறது, போர்டு வைத்திருக்கிறார்கள், நானே எழுதிப் போட்டிருக்கிறேன்.

இதற்கு ஒன்றும் பெரிய வித்தை வேண்டாம், உங்கள் போனிலும் இந்த வசதி இருக்கும், கற்றுக்கொள்ளுங்கள். படத்தைப் பெரிதாக்கி, விரலால் மேலே இப்படித் தேய்த்தால் போதும். சுற்றியிருக்கிற வானத்தை எடுத்து அதுவே நிரப்பிக்கொள்ளும். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒன்றுகூட விடக் கூடாது. பாருங்கள், இந்த மூலையில் இன்னும் ஒரு கூட்டம். தேய்த்தாச்சு. மரக்கிளையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பதையும் எடுத்துவிடுகிறேன், கண்ணை உறுத்துகிறது.

அவ்வளவுதான். போட்டுவிடலாம். அந்த அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவார்.

இப்போது பாருங்கள் சார். எவ்வளவு சுத்தமான வானம்.